பொடக்காளியில் ஒரு பட்டறை

வீட்டுக்குப் பின்னால் 12-க்கு 18 அடியில் பட்டறை கட்டி முடித்தாகிவிட்டது. பார்க்க வருகிறவர்கள் நேராக லேத்திடம் போகிறார்கள், வெல்டிங் மிஷின் என்ன விலை என்று கேட்கிறார்கள். "முதல்ல தரையைப் பாருங்க, அப்புறம் அந்த டி.பி. பெட்டியைத் திறந்து பாருங்க" என்று நான் இழுத்துக்கொண்டு போகிறேன். மிஷினை என்றைக்கும் வாங்கலாம், விற்கலாம், மாற்றலாம். தரையும் வயரிங்கும் ஒரு தடவை போட்டால் போட்டதுதான். அந்த இரண்டும் இவ்வளவு அருமையாக அமைந்ததில் எனக்கு இருக்கும் சந்தோஷத்தை யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கோவைக்குக் கிழக்கே, சூலூர்ப் பக்கம் எங்கள் மனை. கரிசல் மண். பருத்திக்கு அதைப் போல மண் கிடையாது. கட்டடத்துக்கு அதைப் போல எதிரியும் கிடையாது. மழை பெய்தால் உப்பும், கோடையில் விரல் நுழைகிற அளவுக்கு வெடிக்கும். மேலே என்ன போட்டாலும் அதையும் சேர்த்து ஏற்றி இறக்கும். அதனால் இரண்டடி ஆழத்துக்குக் கரிசலை வழித்து எடுத்துவிட்டு, செம்மண் கிராவல் கொட்டி, அரை அடிக்கு ஒரு தடவை தண்ணீர் விட்டுத் திமிசு போட்டு இடித்தோம். இடித்த இடத்தில் கடப்பாரையை ஓங்கிப் போட்டால் 'ணங்' என்று திரும்பி வந்தது. மேஸ்திரி அண்ணன் அதற்கப்புறம்தான் தலையாட்டினார்.

ஒரு ஷெட்டுக்கு இவ்வளவு எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. லேத் வைத்திருப்பவர்கள் கேட்க மாட்டார்கள். தரை ஒரு மூலையில் மயிரிழை இறங்கினால் லேத்தின் பெட் முறுக்கிக்கொள்ளும். பிறகு எவ்வளவு கவனமாகக் கடைந்தாலும் ஷாஃப்ட் ஒரு முனையில் தடித்தும் மறுமுனையில் மெலிந்தும்தான் வரும். வேலை தெரிந்தவன் கையையே தரை கெடுத்துவிடும்.

கலவை எம் 20. ஒரு பங்கு சிமென்ட், ஒன்றரைப் பங்கு எம் சாண்ட், 3 பங்கு முக்கால் ஜல்லி. 4 அங்குலக் கனத்துக்கு 72 கன அடி; சிமென்ட் 16, 17 மூட்டை. லேத் நிற்கும் இடத்தில் மட்டும் தோண்டி 8 அங்குலமாகக் கனப்படுத்தினோம், அதற்குத் தனிக் கணக்கு. கிராவல் மேல் பாலித்தீன் ஷீட் விரித்தது ஈரம் மேலே ஏறாமலிருக்க. அதன்மேல் 8 எம்.எம். கம்பியை 8 அங்குலத்துக்கு ஒன்றாகக் குறுக்கும் நெடுக்கும் கட்டி, அடியில் கவர் பிளாக் வைத்துத் தூக்கி நிறுத்தினார்கள். கம்பி தரையோடு படுத்துக் கிடந்தால் அது கம்பிக்குச் செய்த தண்டச் செலவு.

தண்ணீர் விஷயத்தில் எங்கள் மேஸ்திரியை நான் கையெடுத்துக் கும்பிட வேண்டும். ஒரு மூட்டைக்கு 25 லிட்டர், அதற்கு மேல் ஒரு சொம்பு விட மாட்டேன் என்று நின்றார். கலவை தள்ள முடியவில்லை, இன்னும் அரைக் குடம் விடலாமே என்று ஆட்கள் கேட்டார்கள். "ஓடுற கலவை நிக்காதுங்கண்ணா" என்று ஒரே வார்த்தை. வைப்ரேட்டர் ஊசியை இறக்கினார், கெட்டியாகக் கிடந்த கலவை தானாகப் பரவி மூலை முடுக்கெல்லாம் போய் உட்கார்ந்தது.

மட்டப்பலகை இழுத்த பிறகு கான்கிரீட் மேலே மெல்லத் தண்ணீர் கக்கும். அந்த நேரத்தில் கரண்டி போட்டால் மேல்தோல் பலவீனமாகி, பிறகு தூசி தூசியாக உதிரும். அந்தப் பளபளப்பு போய்ச் சாம்பல் நிறமாக மங்கும்வரை அத்தனை பேரும் கை கட்டிக் காத்திருந்தோம். அப்புறம் மணியாசுக் கட்டை, அதற்கப்புறம் இரும்புக் கரண்டி. அந்த அரைவட்டக் கோடுகள் இப்போதும் சாய்ந்த வெயிலில் தெரிகின்றன. எவ்வளவு அழகு தெரியுமா!

மறுநாளே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினோம். சாதாரண சிமென்டுக்குக் குறைந்தது 7 நாள், பி.பி.சி.க்கு 10 நாள் ஈரம் வேண்டும் என்று ஐ.எஸ். 456 சொல்கிறது. மிஷின்களை 28 நாள் தாண்டித்தான் உள்ளே விட்டோம். கூரை, சுவர் பற்றிச் சொல்ல அதிகமில்லை: இரும்புத் தூண், கலர் ஷீட், பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்றுக்குத் தாங்கும்படி நெருக்கமாக ஸ்க்ரூ.

வயரிங்குக்கு வருகிறேன். மீட்டர் போர்டிலிருந்து ஷெட்டுக்கு 6 ஸ்கொயர் ஆர்மர்டு கேபிள், இரண்டரை அடி ஆழத்தில், மணல் மெத்தையில், மேலே செங்கல் பரப்பி. முன்னதாக ஈ.பி.யில் லோடு கூட்ட எழுதிக் கொடுத்துவிட்டோம். ஷெட்டுக்கென்று தனி டி.பி. விளக்குக்கு 1.5 ஸ்கொயர், 16 ஆம்பியர் பிளக்குக்கு 2.5, வெல்டிங்குக்கு 4. மோட்டார் கிளம்பும் நொடியில் ஓடும்போது இழுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். அதற்கெல்லாம் பதறி விழாத சி கர்வ் எம்.சி.பி. போட்டிருக்கிறது. ஆனால் எம்.சி.பி. காப்பது வயரை. ஆளைக் காப்பது 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வியர்த்த கையோடு இரும்பைத் தொட்டுக்கொண்டே வேலை செய்யும் இடத்தில் அது இல்லாமல் ஒரு பல்புகூட எரியக் கூடாது. எர்த்துக்குத் தனிக் குழி. கரி, உப்பு, ஜி.ஐ. பைப். கோடையில் அதற்கும் தண்ணீர் ஊற்றுகிறேன்.

லேத்துக்குப் பச்சை, சிவப்புப் பொத்தான் ஸ்டார்ட்டர். கரண்ட் போய்த் திரும்பி வந்தால் பச்சையை அமுக்காமல் மிஷின் ஓடாது. ஆட்டோ ஸ்டார்ட்டர் கிணற்று மோட்டாருக்குச் சரி, கை வைத்து நிற்கும் மிஷினுக்கு ஆபத்து. 1937-லேயே ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் மோட்டார் உருவாக்கிய ஊர் இது. இந்தப் பாடமெல்லாம் இங்கே எலக்ட்ரீஷியன்களுக்கு மனப்பாடம்.

விளக்கு விஷயத்தில்தான் நான் சொக்கிப்போனேன். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் வைத்த டியூப்லைட் நொடிக்கு 100 தடவை மினுக்கும். நிமிஷத்துக்கு 1500 சுற்று ஓடும் 4 ஜா சக், ஒவ்வொரு மினுக்கலுக்கும் சரியாகக் கால் சுற்று நகரும். ஒரு ஜா இருந்த இடத்துக்கு அடுத்த ஜா வந்துவிடும். பார்க்கிற கண்ணுக்குச் சக் அசையாமல் நிற்பது போலவே இருக்கும், கையும் தைரியமாகப் போகும். அதனால் மினுக்காத நல்ல டிரைவர் உள்ள எல்.இ.டி. விளக்குகள்தான் மேலே வரிசையாக. பெஞ்சில் நிழல் விழாமல் பகலாக எரிகின்றன.

இடமும் ஆசையும் இருப்பவர்கள் தள்ளிப்போடாதீர்கள். முதல் பணத்தைத் தரைக்கு எடுத்து வையுங்கள், அடுத்ததை வயரிங்குக்கு. அதையும் லைசென்ஸ் உள்ளவர் கையில் கொடுங்கள். மிச்சத்தில் ஒரு நல்ல வைஸ் வாங்கினாலே வேலையைத் தொடங்கிவிடலாம். எங்கள் பக்கம் யாராவது கட்டுவதாக இருந்தால் கான்கிரீட் போடுகிற அன்றைக்கு என்னைக் கூப்பிடுங்கள், விடியற்காலையிலேயே வந்து நிற்கிறேன்.