காவற்காரனின் எக்காளமும் அரசின் தடையும்

2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள், உயிர்த்தெழுதல் திருநாளன்று, இலங்கையில் மூன்று ஆலயங்களிலும் கொழும்பின் மூன்று பெரிய விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மட்டக்களப்பு சீயோன் ஆலயத்தில் இறந்தவருள் ஞாயிறு பள்ளிச் சிறுவர் பலர். அன்றைக்கே இலங்கை அரசு முகநூல், வாட்ஸ்அப், யூடியூப், இன்ஸ்டாகிராம், வைபர் முதலிய இணையத் தொடர்புகளை முடக்கியது. ஏப்ரல் 30ஆம் நாள் வரை அத்தடை நீடித்தது. அது முறையானதா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இராமநாதபுரம் கடற்கரையில் ஊழியம் செய்வோருக்கு இது அயல்நாட்டுச் செய்தி அன்று. இராமேசுவரத்து மீனவர்கள் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவில் இலங்கைத் தமிழரோடு ஒரே பந்தலில் முழந்தாளிடுகின்றனர். முதற்குண்டு வெடித்த கொழும்பு கொச்சிக்கடை ஆலயமும் அந்தோணியார் பெயரைத் தாங்கியதே. மண்டபம் முகாமில் வாழ்வோரின் உற்றார் பலர் அக்கரையில் உள்ளனர். "உயிரோடு இருக்கிறாயா?" என்று கேட்கும் வழியையும் தடை அடைத்தது என்பதை நாம் மறத்தலாகாது.

தடைக்கான வாதம்

தடையை ஆதரிப்போரின் வாதத்தை அதன் முழு வலிமையோடு எடுத்துரைப்பதே நேர்மை. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்துத் திகனையில் இசுலாமியர்மீது வன்முறை மூண்டபோது, முகநூலில் பரவிய பகைமைச் சொற்கள் அதற்கு எண்ணெய் வார்த்தன. அதில் தனக்கிருந்த பங்கிற்காக முகநூல் நிறுவனமே 2020இல் வருத்தம் தெரிவித்தது. பகைமொழியை அகற்றத் தவறிய நிறுவனத்தை நம்பி, அழுது நிற்கும் மக்களைப் பழிவாங்கும் வெறிக்கு விட்டுவிடலாமா என்று ஓர் அரசு கேட்பதில் நியாயம் உண்டு. நாவை நெருப்புக்கு ஒப்பிட்ட யாக்கோபின் நிருபத்தைப் போதிக்கும் நாம் இக்கேள்வியை எளிதாகத் தள்ளிவிட இயலாது.

ஆயினும், ஒரு நடவடிக்கையை அதன் நோக்கத்தைக் கொண்டு மட்டும் மதிப்பிடலாகாது. தீங்கு எங்கிருந்து வந்தது, தடை எதைத் தடுத்தது என்பவற்றையும் நோக்குதல் வேண்டும்.

தடை எதைத் தடுத்தது?

முதலாவது, தாக்குதலுக்கு முன் நிகழ்ந்தது. ஏப்ரல் 4ஆம் நாளிலேயே இந்திய உளவுத்துறையின் எச்சரிக்கை கொழும்பிற்குக் கிட்டியது. ஏப்ரல் 11ஆம் நாள் அது காவல்துறைக் கடிதமாகவும் எழுதப்பட்டது. ஆனால் ஆலயங்களின் மக்களுக்கு அது அறிவிக்கப்படவில்லை. இத்தவற்றினால் குடிமக்களின் அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன என்று 2023 ஜனவரியில் இலங்கை உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, முன்னாள் குடியரசுத் தலைவர் சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டுமென ஆணையிட்டது. மக்கள் மிகுதியாகப் பேசியதால் அன்று குருதி சிந்தப்படவில்லை. சொல்லப்பட வேண்டிய சொல் கோப்புகளுக்குள் உறங்கியது.

இரண்டாவது, தடை நடைமுறையில் இருந்தபோது நிகழ்ந்தது. தேடப்படுவோரின் படங்களைக் காவல்துறை வெளியிட்டபோது, குற்றத்தோடு எவ்வகைத் தொடர்பும் அற்ற அமெரிக்க இளம்பெண் ஒருவரின் படமும் அவற்றுள் இடம்பெற்றது. அவர் சமூக ஊடகத்தின் வழியாகவே தம் மறுப்பை உலகிற்கு அறிவித்தார். காவல்துறை தன் பிழையை ஒப்புக்கொண்டது. பொய் அரசின் வாயிலிருந்து புறப்பட்டது. திருத்தமோ, எவ்வழியை ஆபத்தானதென அரசு கருதியதோ அவ்வழியே வந்தது.

மூன்றாவது, தடை நீங்கிய பின் நிகழ்ந்தது. மே 12ஆம் நாள், சிலாபத்தில் இசுலாமியக் கடைக்காரர் ஒருவர் முகநூலில் ஆங்கிலத்தில் எழுதிய ஒரு வரி மிரட்டலாகத் தவறாகப் படிக்கப்பட்டது. கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. அடுத்த நாள் கலவரம் பல ஊர்களுக்கும் பரவி ஓர் உயிரையும் பலிகொண்டது. ஏப்ரல் மாதத்துத் தடை பகைமையைத் தணிக்கவில்லை. அதைச் சில நாட்கள் மூடி வைத்தது. தடை மீண்டும் விதிக்கப்பட்டது, ஆயின் அதற்குள் தீ பற்றிவிட்டது.

இனி நம் கரைக்கு வருவோம். ஏப்ரல் 26ஆம் நாள் பெங்களூரு காவல்துறையினரைத் தொலைபேசியில் அழைத்த ஒருவர், 19 தீவிரவாதிகள் இராமநாதபுரத்தில் தங்கியிருப்பதாகவும், தென்மாநில நகரங்களிலும் தொடர்வண்டிகளிலும் தாக்குதல் நிகழவிருப்பதாகவும் கூறினார். கர்நாடகக் காவல்துறை அண்டை மாநிலங்களுக்குக் கடிதம் விடுத்தது. அக்கடிதம் ஊடகங்களில் பரவியது. கீழக்கரை போன்ற பழம்பெரும் இசுலாமிய ஊர்களைக் கொண்ட ஒரு மாவட்டத்தின் பெயர் ஓரிரவில் அச்சத்தின் பெயராயிற்று. அழைத்தவர் உடனே கண்டுபிடிக்கப்பட்டுக் கைதானார். செய்தி பொய் என்று வெளிப்படையாக அறிவிக்கப்பட்டது. இப்பொய் தொலைபேசியில் பிறந்தது, அரசுக் கடிதத்தில் வளர்ந்தது. அதனை அடக்கியது விரைவான விசாரணையும் வெளிப்படையான மறுப்புமே.

மறைநூலின் ஒளியில்

எசேக்கியேல் 33ஆம் அதிகாரத்தில், பட்டயம் வருவதைக் கண்டும் எக்காளம் ஊதாத காவற்காரனிடமே இரத்தப்பழி கேட்கப்படுகிறது. உபாகமம் 19ஆம் அதிகாரம் பொய்ச்சாட்சியைக் கண்டிக்கும்போது, சாட்சிகள் அனைவரையும் ஊமையாக்கும்படி கூறவில்லை. நியாயாதிபதிகள் நன்றாய் விசாரிக்கவேண்டும் என்றே கற்பிக்கிறது. எரேமியா 38ஆம் அதிகாரமோ நம்மை எச்சரிக்கிறது. முற்றுகையிடப்பட்ட எருசலேமில் தீர்க்கதரிசியின் சொல் போர்வீரரின் கைகளைத் தளரச் செய்கிறது என்பதே பிரபுக்களின் குற்றச்சாட்டு. நாட்டின் பாதுகாப்பை முன்னிட்டே அவர் துரவில் இறக்கப்பட்டார். இம்மண்ணிலும், மறவர் நாட்டில் போதிக்கலாகாது என்ற ஆணைக்குப் பின்னும் திரும்பி வந்த கத்தோலிக்கக் குரு ஜான் டி பிரிட்டோ 1693இல் ஓரியூரில் வெட்டுண்டார். அமைதியைக் குலைக்கும் சொல் எனத் தடுக்கப்பட்டவற்றுள் நற்செய்தியும் ஒன்று.

எல்லை எது?

எனினும் எல்லையற்ற உரிமையை நாம் கோரவில்லை. கொலைக்குத் தூண்டும் சொல்லைத் தடுப்பது அரசின் கடமை. நம் நாட்டில், மும்பைத் தாக்குதலுக்குப் பின் 2008 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தத்தின்வழித் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66அ பிரிவு புகுந்தது. மனத்தைப் புண்படுத்தும் செய்தியையும் அது குற்றமாக்கிற்று. 2015இல் உச்ச நீதிமன்றம் அப்பிரிவை நீக்கியபோது, விவாதித்தல், ஆதரித்துப் பேசுதல், வன்செயலுக்குத் தூண்டுதல் ஆகிய மூன்றையும் வேறுபடுத்தி, மூன்றாவதையே தடுக்கலாம் என்றது. இணையத்தைக் காலவரையின்றி முடக்கலாகாது, முடக்கும் ஆணைகளை வெளியிடவேண்டும் என்று 2020 ஜனவரியில் அந்நீதிமன்றமே கூறியது. காரணமும் கால அளவும் மேல்முறையீடும் உள்ள தடையை நாம் ஏற்கலாம். இலங்கை 2024இல் இயற்றிய இணையப் பாதுகாப்புச் சட்டமோ, எது பொய் என்று கருதி நடவடிக்கை எடுக்கும் அதிகாரத்தை ஐவர் கொண்ட ஓர் ஆணையத்திடம் தந்தது. தவறான படத்தை வெளியிடுவது அரசின் துறையாகவே இருக்குமாயின், அதனைப் பொய்யென்று அவ்வாணையம் துணிந்து உரைக்குமா?

திருச்சபையின் பங்கு

மே மாதத் தொடக்கத்தில் நீர்கொழும்பில் மோதல் எழுந்தபோது, கர்தினால் மால்கம் ரஞ்சித் நேரில் சென்று பழிவாங்க வேண்டாமென மக்களை வேண்டினார். இழப்புற்ற சபையின் மேய்ப்பர் வெளிப்படையாகப் பேசிய சொல் அது. பொய்யை விசாரித்து மறுக்கும் பொறுப்பை அரசிடம் மட்டும் விட்டுவிடும் சபை, தடை வரும்போது அதனைக் குறைகூறும் தகுதியை இழக்கிறது. நம் சபைகளின் வாட்ஸ்அப் குழுக்களில் அயலாரைக் குறித்து வரும் செய்தியை விசாரியாமல் அனுப்பும் போதகர், பொய்ச்சாட்சிக்கு உடன்படுகிறார். அது பொய்யெனத் தெரிந்தபின் அதே குழுவில் அதே நாளில் மறுத்துரைப்பவர் காவற்காரனின் பணியைச் செய்கிறார். அடுத்த முறை இக்கடற்கரையின் பெயர் ஒரு வதந்தியில் அடிபடும்போது, இசுலாமிய அயலாரின் வீட்டிற்கு முதலில் செல்பவர் நம் ஊழியராக இருத்தல் வேண்டும்.