முப்பது பவுண்டு போதும்!

வில் வாங்கப் போகிறேன் என்று யார் சொன்னாலும் எனக்குக் கை பரபரக்கும். குறி பார்க்கும் கருவி கிடையாது, அதிர்வு தாங்கும் கம்பி கிடையாது, காம்பவுண்டு வில்லில் இருக்கும் சக்கரம் கிடையாது. மரம், நாண், அம்பு, அவ்வளவுதான். அந்தப் பழைய பாணி வில்லில் ஒரே ஒரு அம்பு விட்டுப் பாருங்கள். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்களை வீட்டில் பிடிக்க முடியாது!

ஒலிம்பிக்கில் நாம் பார்க்கும் வில்வித்தையில் தூரம் எப்போதும் 70 மீட்டர்தான். எனக்குப் பைத்தியம் பிடித்திருப்பது ஃபீல்டு ஆர்ச்சரி மேல். மேடு, பள்ளம், புதர் என்று நடந்துகொண்டே எய்ய வேண்டும். உலகப் போட்டிகளில் ஒரு சுற்றுக்கு 24 இலக்குகள். தூரத்தைச் சொல்லாமலே எய்யவிடும் சுற்றும் உண்டு. அதிலும் ‘இன்ஸ்டிங்டிவ்’ முறை இருக்கிறதே, அது தனி சுகம். அம்பு நுனியை வைத்துக் கணக்குப் போடுவதில்லை. இரண்டு கண்ணும் திறந்திருக்கும், பார்வை இலக்கில் ஒரு புள்ளியை விட்டு நகராது, கை தானாக உயரும். மாமரத்தில் கல் எறிந்த வயதில் யாராவது டேப் வைத்து அளந்துவிட்டா எறிந்தோம்? அதே சங்கதிதான்.

இந்த ஆட்டத்துக்கு அடி அண்ணாமலையை விட்டால் எனக்கு வேறு ஊர் வேண்டாம். ஊர் திருவண்ணாமலை மலைக்கு மேற்கே இருப்பதால், 814 மீட்டர் உயர மலையைத் தாண்டி வெயில் இங்கே தாமதமாகத்தான் வரும். ஊரே கிரிவலப் பாதையில் இருந்தாலும், பாதையை விட்டு நன்றாக உள்ளே தள்ளி, தெரிந்தவர் ஒருவரின் மல்லாட்டைக் கொல்லை இருக்கிறது. அறுவடை முடிந்து அது சும்மா கிடக்கும் மாதங்கள்தான் எங்களுக்குத் திருவிழா. பின்னால் ஆளுயர மண்கரை. கந்தல் துணி திணித்துத் தைத்த கோணிச் சாக்குகள் ஒரு பக்கம், நுங்கு எடுத்தபின் தூக்கிப்போட்ட பனங்காய்கள் ஒரு பக்கம். மேரு மலையையே வில்லாக வளைத்தார் என்று புராணம் சொல்லும் சிவபெருமானின் ஊர் இது. அந்த வில்லை இழுக்க எத்தனை பவுண்டு பலம் வேண்டும் என்று எங்கள் கூட்டத்தில் ஒரு வாய்ச்சண்டை எப்போதும் நடக்கும்.

வில் இந்த மண்ணுக்குப் புதிதும் அல்ல. திருவண்ணாமலைக்கு மேற்கே செங்கம் வட்டாரத்து நடுகற்களைப் போய்ப் பாருங்கள். ஆநிரை கவர்ந்தும் மீட்டும் மாண்ட வீரர்கள் ஒரு கையில் வில்லும் மறு கையில் வாளுமாக நிற்பார்கள். அவற்றைத் தொகுத்து, இரா. நாகசாமி பதிப்பில் 1972இல் தமிழ்நாடு தொல்லியல் துறை ‘செங்கம் நடுகற்கள்’ நூலை வெளியிட்டது. கொல்லிமலையில் ஆண்டுதோறும் ஆடி 17, 18 தேதிகளில் நடக்கும் வல்வில் ஓரி விழாவில் இன்றும் வில்வித்தைப் போட்டி உண்டு. வயநாட்டில் 1802இல் பனமரம் கோட்டைக்குள் புகுந்து கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை வீழ்த்திய தலைக்கல் சந்துவின் குறிச்சியப் பழங்குடியினர் கையில் இருந்ததும் வில்தான்.

சரி, எந்த வில்லை வாங்குவது? கையில் எடுத்துப் பார்த்தவற்றைச் சொல்கிறேன்.

முதலில் நம் மூங்கில் வில். தேசியப் போட்டிகளில் ‘இந்தியன் ரவுண்டு’ என்று தனிப் பிரிவே இதற்கு இருக்கிறது. 30 மீட்டர், 50 மீட்டர். ஜார்க்கண்டின் வில்வித்தை வீராங்கனை தீபிகா குமாரி சிறுமியாக எய்து பழகியது மூங்கில் வில்லில்தான். வெளிநாட்டு வில்லோடு ஒப்பிட்டால் விலை கொஞ்சம்தான். எடையும் ஒன்றுமில்லை. அம்பு தாங்க மேடை கிடையாது, பிடித்த கையின் மேலேயே அம்பு உட்காரும். விடும்போது இறகின் அடித்தண்டு விரலைக் கீறும், மெல்லிய கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஒரு மூங்கில் வில்லைப் போல இன்னொன்று இருக்காது. அதுதான் குறை, அதுதான் அழகும்!

அடுத்தது, மூன்றாகக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொள்ளும் டேக்டவுன் ரிகர்வ். கொரியாவின் சாமிக் சேஜ் இதில் பெயர் பெற்றது. 62 அங்குல நீளம், 25 முதல் 60 பவுண்டு வரை கிடைக்கும். நடுக்கட்டை ஒன்றை வைத்துக்கொண்டு, பலம் கூடக் கூட மேல் கீழ் லிம்புகளை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். முதல் வில்லுக்கு இதைவிடப் புத்திசாலித்தனமான செலவு எனக்குத் தெரியவில்லை.

லாங்போவை இழுத்தால் வெண்ணெய். நீளத்தால் இழுவை கடைசிவரை சீராக ஏறும், கை கொஞ்சம் கோணினாலும் மன்னித்துவிடும். விட்டவுடன் பிடித்த கையில் ஒரு சின்ன உதறல், அதை நான் ரசிக்கவே செய்கிறேன். குட்டையான குதிரைவில்லோ பார்க்க அழகு ராணி. ஆனால் குட்டை வில்லை முழுதாக இழுக்கும்போது நாண் கூர்ங்கோணமாக மடிந்து விரல்களை நெரிக்கும். அது இரண்டாவது வில்லாக வரட்டும்.

இப்போது பவுண்டு. இங்கேதான் ஆசை கண்ணை மறைக்கும். இங்கிலாந்தில் 1545இல் மூழ்கி 1982இல் தூக்கப்பட்ட மேரி ரோஸ் கப்பலில் 137 வில்கள் முழுசாகக் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவை 100 பவுண்டுக்கு மேல் என்று மதிப்பிடுகிறார்கள். சின்ன வயதிலிருந்தே இழுத்துப் பழகிய போர்வீரர்களின் வில்கள் அவை. நமக்கு எதிரி கோணிச் சாக்கு, அதற்கு 25 முதல் 30 பவுண்டு தாராளம். இன்ஸ்டிங்டிவ் முறை முழுக்க முழுக்கப் பழக்கம். கனத்த வில்லில் பத்து அம்புக்குள் தோள் கெஞ்சும், இலேசான வில்லில் காலை முழுக்க எய்யலாம். எத்தனை நல்ல அம்பு விடுகிறீர்களோ அத்தனை தூரம் கை கற்றுக்கொள்ளும்.

வில்லில் எழுதியிருக்கும் பவுண்டு 28 அங்குல இழுப்புக்கானது. இரு கைகளையும் விரித்து விரல்நுனிக்கு விரல்நுனி அங்குலத்தில் அளந்து 2.5ஆல் வகுங்கள், கிட்டத்தட்ட அதுதான் உங்கள் இழுப்பு. 66 அங்குலம் வந்தால் இழுப்பு 26 சொச்சம். அப்போது 30 பவுண்டு வில் உங்கள் கையில் சுமார் 27தான். இழுக்கும்போது வில்லை வானத்துக்குத் தூக்கினால்தான் வருகிறதா? சந்தேகமே வேண்டாம், அந்த வில் உங்களுக்குக் கனம்.

எந்தக் கண் ஆள்கிறது என்றும் பாருங்கள். இரு கண்ணும் திறந்து தூரத்துப் பனைமரம் ஒன்றை விரலால் சுட்டி, ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது விரல் மரத்தின் மேலேயே நிற்கிறதோ, அந்தக் கண்ணின் பக்கத்துக் கையால் நாணை இழுப்பது நல்லது. அம்புக்கு இறகே வேண்டும். பிளாஸ்டிக் வால் வில்லில் உரசினால் அம்பைத் தள்ளிவிடும், இறகு மடங்கிக் கொடுக்கும். அம்பின் விறைப்பும் வில்லின் பவுண்டுக்கு ஒத்துப்போக வேண்டும். இல்லாவிட்டால் எவ்வளவு நன்றாக விட்டாலும் ஒரு பக்கமாகவே போகும்.

எல்லாம் கூடி வந்த ஒரு அம்பைச் சொல்கிறேன். நடுவிரல் வாயோரத்தைத் தொடுகிறது. சாக்கில் ஒரு கிழிசல், அதில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு நூல், அதை மட்டும் பார்க்கிறேன். விரல் தளர்ந்ததே தெரியாது. இறகு லேசாக விர்ரென்று போகும், ‘தொப்’ என்று சத்தம் வரும், நூல் இருந்த இடத்தில் அம்பு நிற்கும். அடடா!

நம் ஊர் வெயிலுக்கு ஒரு எச்சரிக்கை: வில்லைக் காருக்குள் பூட்டி வைக்காதீர்கள், ஒட்டுப்பட்டைகள் பிரியும். எய்து முடித்ததும் மர வில்லின் நாணைக் கழற்றுங்கள். அம்பில்லாமல் இழுத்து விடவே கூடாது, வில் உடையும். பின்னால் மண்கரை இல்லாமல் அம்பைத் தொடாதீர்கள். மலைக்காடும் அங்கிருக்கும் மான்களும் நம் விளையாட்டுக்கு இல்லை. பௌர்ணமி அன்று லட்சக்கணக்கானோர் சுற்றும் ஊர் என்பதால் அன்றைக்கு எங்கள் வில்லுக்கு விடுமுறை.

முடிவாக என் தீர்ப்பு: 62 அங்குலத்துக்குக் குறையாத நீளம், முப்பதைத் தாண்டாத பவுண்டு, இறகு கட்டிய அம்பு. கையில் காசு குறைவென்றால் மூங்கில் வில், தாராளமென்றால் டேக்டவுன். படத்தைப் பார்த்து வாங்காதீர்கள். பக்கத்தில் வில்வித்தைப் பயிற்சி நடக்கும் இடத்துக்குப் போய், கேட்டு வாங்கி இழுத்துப் பாருங்கள். மறுபடி மறுபடி இழுக்கத் தோன்றுகிற வில்தான் உங்கள் வில்!