ஒளி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது?

வண்ணக் கண்ணாடிச் சாளரத்தை முன்மாதிரியாகக் கொண்டு இயற்கைக் காட்சி தீட்டுவது, ஓவியம் பயில்வோர் பலரும் விரும்பி மேற்கொள்ளும் முறையாக இருந்து வருகிறது. மலை, மரம், ஆறு, வயல் ஆகியவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் கரிய கோட்டால் வளைத்து, உள்ளே கலப்பற்ற நிறத்தை நிரப்பிவிட்டால் கண்ணாடியின் எழில் தானே வந்துவிடும் என்று அவர்கள் எண்ணுகின்றனர். ஆனால் வந்து சேர்வது பெரும்பாலும் சிறுவர்கள் வண்ணம் தீட்டும் புத்தகத்தின் பக்கந்தான். கோடு இருக்கிறது, நிறம் இருக்கிறது, கண்ணாடி மட்டும் இல்லை. இக்குறை எங்கிருந்து வந்தது என்பதை நாம் சற்றே ஆராய்வோம்.

முதலில் சாளரத்தையே பார்ப்போம். பிரான்சின் ஷார்த்ர் பேராலயத்தில் பன்னிரண்டாம், பதின்மூன்றாம் நூற்றாண்டுச் சாளரங்கள் இன்றும் உள்ளன. உருகிய கண்ணாடிக் குழம்பிலேயே உலோகச் சேர்மங்களைக் கலந்து அக்காலத்தார் நிறமேற்றினர். கோபால்ட் நீலத்தைத் தந்தது. பெரிய தகடுகளைச் செய்ய இயலாத காலமாதலால், சிறு துண்டுகளை வெட்டி ஈயப் பட்டைகளால் இணைத்தனர். ஓவியர்கள் இன்று விரும்பிப் போடும் கரிய கோடு இந்த ஈயப் பட்டையின் நிழலேயாகும். அது அழகுக்காகப் பிறந்ததன்று. கண்ணாடி விழாமல் காக்கப் பிறந்தது. அரபு நாடுகளின் பள்ளிவாசல்களிலும் மாளிகைகளிலும் ஈயத்தின் வேலையைச் செதுக்கிய சுண்ணச்சாந்துச் சட்டம் செய்தது. தாங்கும் பொருள் நாட்டுக்கு நாடு மாறியது. பின்னாலிருந்து ஊடுருவி வரும் ஒளி எங்கும் மாறவில்லை. ஆகவே சாளரத்தின் உயிர் கோட்டில் இல்லை, ஒளியில் இருக்கிறது என்பதே நம் துணிபு. இந்த அளவுகோலைக் கொண்டே பிற்காலத்து ஓவியங்களை நாம் மதிப்பிட விரும்புகிறோம்.

பிரெஞ்சு ஓவியர் லூயி ஆங்க்தேன் தம் பெற்றோர் இல்லத்தில் கண்ணாடிக் கதவொன்றைக் கண்டார். அதில் பல நிறத் துண்டுகள் பதிக்கப்பட்டிருந்தன. மஞ்சள் துண்டின் வழியே தோட்டத்தைப் பார்த்தால் வெயிலாகத் தெரிந்தது. நீலத்தின் வழியே பார்த்தால் இரவாயிற்று. ஒரே தோட்டம், ஒரே நேரம். நிறம் மாறியதும் மனநிலையும் மாறிற்று. இதை அவருடைய நண்பர் எமில் பெர்னார் எழுதி வைத்துள்ளார். சிறு வயதில் வண்ணத்தாளைக் கண்ணருகே பிடித்துத் தெருவைப் பார்த்தவர் எவருக்கும் இவ்வியப்பு விளங்கும். 1887-இல் ஆங்க்தேன் நண்பகலில் புல் அறுப்பவனை முழுதும் மஞ்சளில் தீட்டினார். பாரிசின் கிளிஷி சாலையின் மாலை வேளையை நீலத்தில் தீட்டினார். மறு ஆண்டில் எதுவார் துழார்தென் என்னும் விமரிசகர் இப்பாணிக்கு ‘க்ளுவாசோனிசம்’ என்று பெயரிட்டார். உலோகக் கம்பித் தடுப்புகளுக்குள் நிறத்தை நிரப்பும் எனாமல் கைத்தொழிலிலிருந்து வந்த பெயர் அது.

1888-இல் பெர்னாரும் போல் கோகனும் பிரான்சின் பிரிட்டனிப் பகுதியிலுள்ள பொந்தாவேன் ஊரில் கூடினர். கோகனின் ‘பிரசங்கத்திற்குப் பின் தோன்றிய காட்சி’ அவ்வாண்டில் பிறந்தது. அதில் தரை முழுதும் சிவப்பு. குறுக்கே ஒரு மரம் சாய்ந்து ஓவியத்தை இரண்டாகப் பிளக்கிறது. அந்த மரமே அங்கு ஈயப் பட்டையின் பணியைச் செய்கிறது. கோகன் அதை ஊர் ஆலயத்துக்கு நன்கொடையாக அளிக்க முன்வந்தபோது பாதிரியார் ஏற்க மறுத்துவிட்டார். இன்று அது எடின்பரோவில் உள்ளது. பின்னாளில், இப்பாணியைக் கண்டவர் யார் என்ற வழக்கு பெர்னாருக்கும் கோகனுக்கும் இடையே கசப்பை வளர்த்தது. ஆங்க்தேனோ சில ஆண்டுகளில் இதைக் கைவிட்டுப் பழம்பெரும் ஓவியர்களின் வழிக்குத் திரும்பிவிட்டார்.

இவர்களின் துணிவை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. கண்ணில் பட்டதையெல்லாம் வரைய வேண்டியதில்லை, வேண்டாததை விலக்கலாம் என்ற பாடத்தைக் கண்ணாடியிடம் அவர்கள் கற்றனர். ஆயினும் எண்ணெய் வண்ணம் ஒளியை மறைக்கும் இயல்புடையது. அதைத் தடிப்பாகப் பூசிய துணியின் மீது ஒளி நம் பக்கத்திலிருந்து விழுந்து மீள்கிறதேயன்றி, உள்ளிருந்து வருவதில்லை. அதனால்தான் கிளிஷி சாலையின் நீலம் நம்மை மருட்டினாலும் ஒளிர்வதில்லை. அங்கே கரிய கோடு தாங்கிப் பிடிக்க எந்தப் பாரமும் இல்லை.

அமெரிக்காவின் லூயி கம்ஃபர்ட் டிஃபனியின் பட்டறை எதிர்த்திசையில் சென்றது. ஓவியம் கண்ணாடியாக விரும்பியதுபோல், அங்கே கண்ணாடி ஓவியமாக விரும்பியது. நிறங்கள் குழம்பி ஓடும் கண்ணாடியை வார்த்து, அடுக்கடுக்காக ஒன்றன்பின் ஒன்று வைத்து, தொலைமலையின் மங்கலையும் நீரின் அசைவையும் காட்டினர். நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்திலுள்ள ‘இலையுதிர்காலக் காட்சி’ (1923–24) இதற்குச் சான்று. திறமையில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் மரக்கிளைபோல் வளைக்கப்பட்ட ஈயப் பட்டை தன்னை மறைத்துக்கொள்ள முயல்கிறது. கோகனைப் பின்பற்றியோர் தேவையற்ற கோட்டைப் போட்டுக் காட்டினர். டிஃபனி தேவையான கோட்டை ஒளித்து வைத்தார். இரண்டிலும் பொருளின் உண்மை சற்றே மறைகிறது.

இவ்விரண்டுக்கும் அப்பால் ஒரு வழி உண்டு. 1914 ஏப்ரலில் போல் க்ளே, ஆகஸ்ட் மாக்கே, லூயி முவாலியே என்னும் ஓவியர் மூவர் துனீசியாவுக்குச் சென்றனர். க்ளே கண்ணாடிக்குப் புதியவரல்லர். 1905 அளவிலேயே கரிபூசிய கண்ணாடியில் ஊசியால் கீறி ஓவியம் செய்தவர். பாரிசில் ரொபேர் தெலோனேயின் ‘சாளரங்கள்’ வரிசையையும் அறிந்தவர். துனிஸ், ஹம்மாமத், உக்பா இப்னு நாஃபிஉ அமைத்த கைரவான் ஆகிய ஊர்களைக் கண்டனர். பயணம் இரண்டு வாரத்துக்கும் குறைவு. கைரவானில்தான் நிறம் தம்மை ஆட்கொண்டது என்று க்ளே நாட்குறிப்பில் பதிந்தார்.

அப்பயணத்தில் உருவான ‘பள்ளிவாசலுடன் ஹம்மாமத்’ ஓவியத்தைக் கவனியுங்கள். உள்ளங்கையை விரித்தால் ஏறத்தாழ மறைந்துவிடும் அளவுடைய தாள் அது. மேற்பகுதியில் பள்ளிவாசலும் இரு கோபுரங்களும் தோட்டங்களும் அடையாளம் தெரிகின்றன. கீழே வரவர அவை கரைந்து, ஒன்றன்மீது ஒன்று படியும் நிறக் கட்டங்கள் மட்டும் எஞ்சுகின்றன. கண்ணாடிச் சாளரம்போல் காட்ட வளைத்துப் போட்ட கரிய கோடு எங்கும் இல்லை. எனினும் நாம் கண்ட இயற்கைக் காட்சிகளுள் கண்ணாடிக்கு மிக அணுக்கமானது இதுவே என்போம். காரணம் எளியது. நீர்வண்ணம் ஒளிபுகும் பொருள். ஒளி அதன் வழியே சென்று வெள்ளைத் தாளில் பட்டு, மீண்டும் நிறத்தினூடே நம்மிடம் வருகிறது. தாளே இங்குச் சாளரத்தின் வெளிப்புற வானமாகிறது. க்ளே கண்ணாடியின் தோற்றத்தைக் கடன் வாங்கவில்லை; அது இயங்கும் முறையைக் கற்றுக்கொண்டார். மாக்கேயின் ‘துனிசுக்கு அருகில் சென் ஜெர்மென்’ ஓவியத்திலும் அவ்வெளிச்சமே நிறைந்திருக்கிறது.

பின்னர் க்ளே பௌஹவுஸ் கலைப்பள்ளியில் கண்ணாடி ஓவியப் பட்டறையை வழிநடத்தினார். முவாலியே சுவிட்சர்லாந்து ஆலயங்களுக்கு வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் அமைத்தார். மாக்கேக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. பயணம் முடிந்த ஐந்தே மாதங்களில், செப்டம்பர் 26 அன்று, பிரெஞ்சுப் போர்முனையில் 27 வயதில் மாண்டார். கற்ற பாடத்தை வளர்க்கக் காலம் அவருக்கு அவ்வளவே கிடைத்தது. அந்தச் சிறு தாள்களின் வெளிச்சத்தைப் பார்க்கும்போது இவ்வெண்ணம் நம்மை விட்டு அகல்வதில்லை.

வண்ணக் கண்ணாடியைப் பார்த்து வரைய விரும்பும் இளைஞர்களுக்கு நாம் சொல்லக் கூடியது இதுதான். கரிய கோட்டைப் போடுமுன், அது எதைத் தாங்குகிறது என்று கேளுங்கள். எதையும் தாங்கவில்லையெனில் விட்டுவிடுங்கள். நிறத்தைத் தடிப்பாக அப்புமுன், அதன் பின்னே ஒளிக்கு இடம் வைத்திருக்கிறோமா என்று பாருங்கள். தாளின் வெண்மையை மூடிவிட்டவருக்கு எத்துணைச் சிவப்பும் நீலமும் கைகொடா. பிறரிடமிருந்து கற்பது இழுக்கன்று. வெளித்தோற்றத்தை மட்டும் பெயர்த்துக்கொண்டு வந்து, கற்றுவிட்டதாக எண்ணுவதே இழுக்கு. இது ஓவியத்துக்கு மட்டும் உரிய நெறியன்று என்பதை வாசகர்களே உணர்வர்.