தமுக்கம்: எழுவாயும் செயப்படுபொருளும்

மதுரையில் காந்தி மியூசியம் இருக்கிற கட்டடம் ராணி மங்கம்மாளின் கோடை மாளிகை. தமுக்கம் என்று பெயர். 1689 முதல் 1706 வரை ஆண்ட அவருடைய காலத்தில், யானைச் சண்டையும் வீர விளையாட்டுகளும் பார்க்கிற இடமாக இருந்தது என்பார்கள். பிறகு ஆற்காட்டு நவாப், கும்பினி, கடைசியில் கலெக்டர் பங்களா. 1955-ல் மாநில அரசு இதைக் காந்தி நினைவு நிதிக்குக் கொடுத்தது. 1959 ஏப்ரல் 15-ந் தேதி நேரு வந்து மியூசியத்தைத் திறந்துவைத்தார்.

இந்த வரிசையை நான் ஒரு பிரதியாக வாசிக்கிறேன். ராணி, நவாப், துரை என்று ஆள் மாறினாலும் கட்டடத்தின் வேலை மாறவில்லை. மேலே ஒருத்தர் இருந்து பார்ப்பார், கீழே ஜனங்கள் பார்க்கப்படுவார்கள். மியூசியம் வந்ததும் இந்த ஏற்பாடு குலைந்தது. கலெக்டர் பங்களாவுக்குள் கையில் மனு இல்லாமல், கட்டணமும் இல்லாமல் யாரும் நுழையலாம் என்றானது. இது சின்ன விஷயமில்லை.

சரி, நுழைந்தவர்கள் எதைப் பார்க்கிறார்கள்? விடுதலைப் போராட்டத்தை 265 படங்களில் சொல்லும் கூடம், காந்தியின் வாழ்க்கைப் படங்கள், அவர் புழங்கிய பொருட்கள். அப்புறம், 1948 ஜனவரி 30 அன்று அவர் உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணி. அதன் முன்னால் எல்லோருக்கும் பேச்சு நின்றுவிடுகிறது. மரியாதைதான். என்றாலும் அந்த மௌனம் எனக்கு உறுத்துகிறது. ஒரு கொலையின் சாட்சியம் அங்கே புனிதப் பொருளாகிவிடுகிறது. புனிதத்திடம் யார் கேள்வி கேட்பார்கள்? கும்பிட்டுவிட்டு நகர்கிறார்கள். எந்தக் கருத்து அவரைக் கொன்றது என்கிற பேச்சு அந்தத் துணி முன்னால்தான் தொடங்கியாக வேண்டும்.

மதுரையின் காந்தியக் கதையாடல் முழுக்க ஒரு இலக்கணம் ஓடுகிறது. 1939 ஜூலை 8-ந் தேதி மீனாட்சி கோயிலுக்குள் நடந்ததை எப்படிச் சொல்கிறோம்? 'வைத்தியநாதய்யர் அரிசனங்களை அழைத்துச் சென்றார்.' அய்யர் எழுவாய். தடையை மீறி உள்ளே கால் வைத்த தலித்துகளும் நாடாரும் செயப்படுபொருள். அவர்களில் கக்கன் பெயர் நமக்குத் தெரிகிறது, அவர் பிறகு மந்திரியானதால். 1921 செப்டம்பர் 22 அன்று மேலமாசி வீதியில் காந்தி அரையாடைக்கு மாறினார். நாம் பத்திரப்படுத்துவது அவருடைய துணியை. எந்த ஏழைகளின் உடம்பு அவரை மாற்றியதோ, அந்த உடம்புக்குக் கூடத்தில் இடம் கிடையாது.

ஜனங்கள் எழுவாயாக இருந்தது வெளியே, அதே பெயர்கொண்ட தமுக்கம் மைதானத்தில். சித்திரைப் பொருட்காட்சி, கட்சிக் கூட்டங்கள், புத்தகக் கண்காட்சி எல்லாம் அங்கேதான். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக ராத்திரியும் பகலுமாக உட்கார்ந்ததும் தமுக்கத்தில்தான். வாடிவாசலில் யாருக்கு முதல் மரியாதை என்கிற சாதிக் கேள்வியை அந்தக் கூட்டம் பெரிதாகப் பேசவில்லை. அந்த விமர்சனம் எனக்கும் உண்டு. இருந்தாலும், தலைவர் யாரும் கூட்டிப் போகாமல் தாங்களாக வந்தவர்கள் அவர்கள். சண்டை போடக்கூட அப்படியொரு கூட்டம் வேண்டுமே.

அந்த மைதானத்தில் 2022-ல் மாநாட்டு மையம் திறக்கப்பட்டது. அரங்கு என்றால் வாடகை, முன்பதிவு, நேரக் கணக்கு, பூட்டுகிற கதவு. புத்தகக் கண்காட்சி உள்ளே போகலாம். கோபம் வந்து கூடுகிறவர்கள் எந்தத் தேதிக்கு முன்பதிவு செய்வார்கள்? நகரத்துக்கு அரங்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கூடுகிற உரிமையின் மேல் கட்டாமல் வேறெங்காவது கட்டியிருக்கலாம் என்கிறேன்.

மியூசியம் இதைப் பேசலாம். 265 படங்களோடு இந்த மைதானத்தின் படங்களையும் மாட்டலாம். கோயில் நுழைவை, உள்ளே போனவர்களின் பக்கமிருந்து திருப்பி எழுதலாம். அந்தத் துணியை வைத்தே மாதம் ஒரு விவாதம் நடத்தலாம். நடத்துங்கள் என்று கேட்கிற வேலை நம்முடையது. அதற்குத் தமுக்கத்துக்குள் நாம்தான் நுழைந்தாக வேண்டும்.