நூல்களின் உடை

நூலுக்கு மேலட்டை எதற்கு? உள்ளிருப்பதைக் காட்டவா, உடையவரைக் காட்டவா? ஒரே வடிவ அட்டையோடு வெளிவரும் நூல்வரிசைகளை மதிப்பிட இவ்வினா உதவும். பெங்குவின் பதிப்பகத்தின் வரலாறு இதற்கு நல்ல சான்று.

1935 ஜூலையில் ஆலன் லேன் இங்கிலாந்தில் அவ்வரிசையின் முதல் பத்து நூல்களை ஒருசேர வெளியிட்டார். ஒவ்வொன்றின் விலையும் ஆறு பென்ஸ். அந்நாளில் பத்துச் சிகரெட் கொண்ட பெட்டியின் விலை அது. அட்டையில் மூன்று பட்டைகள்: மேலும் கீழும் வண்ணம், நடுவே வெண்மை. வெண்மையில் நூலின் பெயரும் ஆசிரியர் பெயரும் மட்டுமே. எட்வர்டு யங் வரைந்த பெங்குவின் பறவையைத் தவிர வேறு படமில்லை. நாவலுக்கு ஆரஞ்சு, துப்பறியும் கதைக்குப் பச்சை, வாழ்க்கை வரலாற்றுக்குக் கருநீலம். ஹெமிங்வேயும் அகதா கிறிஸ்டியும் அப்பத்தில் ஒரே அமைப்புள்ள உடையில் அருகருகே நின்றனர்.

திருவழிபாட்டு உடைகளை அறிந்தவர்க்கு இம்முறை புதிதன்று. தவக்காலத்திற்கு ஊதா, மறைச்சாட்சியர் விழாவிற்குச் சிவப்பு, பொதுக்காலத்திற்குப் பச்சை. உடுத்துபவர் ஆயரானாலும் நேற்றுத் திருநிலைப்பட்ட இளங்குருவானாலும் நிறம் ஒன்றே. உடை ஆளைப் பின்னிறுத்திப் பணியை முன்னிறுத்துகிறது. பெங்குவின் அட்டையின் ஒருமையும் இத்தகைய தாழ்ச்சியே.

1947 முதல் 1949 வரை அங்குப் பணியாற்றிய யான் சிகோல்டு இந்த ஒழுங்கைச் செம்மைப்படுத்தினார். தலைப்பெழுத்துகளின் இடைவெளியைக்கூட அளந்து சீர்செய்தார். மலிவு நூலுக்கு இத்தனை உழைப்பா எனலாம். சில காசுகளே தரக்கூடிய வாசகருக்கும் நல்ல அச்சு உரியது என்ற மதிப்புணர்வு அதில் உண்டு.

2008-இல் அதே பதிப்பகம் துணிக்கட்டுச் செவ்வியல் நூல்வரிசையைத் தொடங்கியது. வடிவமைத்தவர் கோரலி பிக்ஃபோர்டு ஸ்மித். அவை வெறும் அலங்காரம் அல்ல. ‘டிராகுலா’வின் அட்டை நிறையப் பூத்திருக்கும் வெள்ளைப்பூண்டு மலர்கள் கதையை உணர்ந்த கையின் வேலை. ஆயினும் அவ்வட்டைகளின் ஒப்பனை கைபடத் தேய்ந்து உதிர்வதாக வாசகர் பலர் குறைகூறியதுண்டு. என் தடை இங்கேதான். படிப்பதால் அழகு குன்றும் நூல், தன்னைத் தொடாதே என்று வாசகரிடம் சொல்லாமல் சொல்கிறது. அழகிய அட்டை ஓர் இளைஞனை டிக்கன்ஸிடம் அழைத்துச் செல்லுமாயின் அது நன்றே. ஆனால் வரிசை நிறைவுற வேண்டும் என்பதற்காகவே அடுத்த நூலை வாங்கும்போது, நாம் வாங்குவது அலமாரிக்கான அணிகலன்.

அருள்சாதனம், காணப்படாத அருளைக் காணச்செய்யும் அடையாளம் என்று மறைக்கல்வியில் கற்றோம். அடையாளத்தின் அழகு நம்மை அருளிடம் கொண்டு சேர்க்கவேண்டும்; அடையாளத்தோடு நிறுத்திவிடலாகாது. நம் இல்லங்களிலும் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், ஓரம் பொன்பூசிய திருவிவிலியம் புத்தம் புதிதாகவே இருக்கிறது. இன்று மாலை செபம் முடிந்ததும் அக்கதவைத் திறந்து பாருங்கள்: எந்த நூலின் முதுகு மடிந்திருக்கிறது? எதன் ஏடுகள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன?