கேமரா சீட்டு வாங்கினால் படத்தை விற்கலாமா?

2025-ல் கூமாபட்டி ரீல்ஸ் பரவினதுக்கு அப்புறம் எங்க பக்கம் பிளவக்கல் அணைக்கு வருகிற எல்லார் கையிலும் கேமராவோ போனோ இருக்கிறது. எடுத்த படத்தை சிவகாசி காலண்டர்காரர்களுக்கோ, இணையத்தில் படம் விற்கும் தளங்களுக்கோ கொடுக்கலாமா என்று கேட்டால் இரண்டு பதில்தான் வரும். "பொது இடம்தானே, யார் கேட்கப் போறா?" என்பது ஒன்று. "கேமராவுக்கு சீட்டு வாங்கியாச்சே, அப்புறம் என்ன?" என்பது இன்னொன்று. சட்டங்களை எடுத்து வைத்துப் பார்த்தால் இரண்டுமே முழுசாக சரியில்லை. சட்டமும் ஒரு இடத்தில் கோணலாகத்தான் இருக்கிறது.

முதலில், படம் யாருடையது? 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, எடுத்தவர்தான் அதன் ஆசிரியர். பூங்கா நகராட்சியுடையது என்பதால் படம் நகராட்சிக்குப் போய்விடாது. ஆனால் 17-வது பிரிவில் ஒரு விதிவிலக்கு உண்டு. ஒருத்தர் கேட்டு, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படம் அவருக்கே சொந்தம். வேறு மாதிரி ஒப்பந்தம் இருந்தால்தான் மாறும். பூங்காவில் கல்யாண ஜோடியை நிற்க வைத்து எடுக்கிற போட்டோகிராபர்கள் பலர் இதைக் கவனிப்பதில்லை. அந்தப் படத்தை ஜோடியைக் கேட்காமல் காலண்டருக்கு விற்க முடியாது.

அடுத்து, படத்துக்குள் என்ன இருக்கிறது? மலை, மரம், தண்ணீருக்குப் பதிப்புரிமை கிடையாது. கட்டடத்தைப் படம் எடுத்து வெளியிடலாம். பொது இடத்தில் நிரந்தரமாக வைத்த சிலையையும் எடுக்கலாம். இரண்டையும் 52-வது பிரிவு அனுமதிக்கிறது. ஆனால் அந்த அனுமதிப் பட்டியலில் ஓவியம் இல்லை. பூங்கா நடுவில் உள்ள சிலையைப் படம் எடுத்து விற்கலாம், அதே பூங்காவின் சுற்றுச்சுவரில் ஓர் ஓவியர் வரைந்ததை விற்றால் சிக்கல். மும்பை சுவரோவியம் ஒன்றை விளம்பரத்தில் பயன்படுத்திய காப்பீட்டு நிறுவனம் இணையப் பதிவுகளை நீக்க வேண்டும் என்று 2023-ல் டில்லி உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது.

இங்கேதான் என் முதல் குறை. சிலைக்கும் சுவரோவியத்துக்கும் இப்படி வேறுபாடு காட்ட என்ன நியாயம்? இரண்டும் தெருவில், எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரிதான் இருக்கின்றன. பிரிட்டிஷ் சட்டத்திலும் இதே பிரிவினை உண்டு. ஜெர்மனியில் பொதுவழியில் நிரந்தரமாக உள்ள படைப்பு எதுவானாலும் படம் எடுக்கலாம். சென்னை கண்ணகி நகர் மாதிரி ஒரு குடியிருப்பே சுவரோவியமாக மாறிய காலத்தில், அங்கே வீதியை எடுக்கிறவர் சுவரை வெட்டிவிட்டா விற்க முடியும்? பின்னணியில் தற்செயலாக வருவதையும், ஓவியத்தையே சரக்காக்கி விற்பதையும் சட்டம் பிரித்துச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, மனிதர்கள். 1994 ஆட்டோ சங்கர் வழக்கில் (ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு), ஒருவரின் பெயரையோ உருவத்தையோ சம்மதம் இல்லாமல் பயன்படுத்துவது அந்தரங்க உரிமையை மீறும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. கூட்டத்தில் ஒரு முகமாக இருப்பது வேறு, ஒரு பாட்டியின் முகத்தை எண்ணெய் விளம்பரத்துக்கு விற்பது வேறு. எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுவதுதான் நல்லது.

கடைசியாக, காடு. செண்பகத்தோப்புப் பக்கம் 1988-ல் சாம்பல் நிற அணில் சரணாலயமானது; 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. அதற்குள் புகைப்படம் எடுக்க வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 28-வது பிரிவுப்படி அனுமதி வேண்டும். வாழிடத்தையோ விலங்குகளையோ பாதிக்காத படப்பிடிப்பு என்று 2022 திருத்தம் தெளிவாக்கியது. இந்த அளவுகோல் எனக்குப் பிடித்திருக்கிறது. விற்பாயா என்று கேட்காமல், என்ன பாதிப்பு என்று கேட்கிறது.

பூங்கா வாசல் பலகைகள் கேட்பது வேறு: கேமரா என்ன சைஸ்? பெரிய லென்ஸோடு வரும் மாணவருக்குச் சீட்டு, போனில் ரீல்ஸ் எடுத்துச் சம்பாதிப்பவர் சும்மா உள்ளே போய்விடுவார். அந்தச் சீட்டு கேமராவை உள்ளே கொண்டுபோக மட்டும்தான். ஓவியரின் உரிமையையோ பாட்டியின் சம்மதத்தையோ பூங்கா அலுவலகம் விற்க முடியாது, அது அவர்களிடம் இல்லையே! அமெரிக்க தேசியப் பூங்காக்களில் 2025 ஜனவரியில் வந்த சட்டப்படி, ஆறு பேருக்குக் குறைவான குழு, இடத்துக்கும் மற்றவர்களுக்கும் தொந்தரவு இல்லாமல் எடுத்தால், விற்பனைக்கே ஆனாலும் அனுமதியோ கட்டணமோ தேவையில்லை.

நம் ஊர்ப் பலகையில் மூன்று வரி போதும்: எத்தனை பேர், என்ன சாமான் வரை அனுமதி இல்லாமல் எடுக்கலாம், எதற்கு முன்அனுமதி, யாரிடம் கேட்க வேண்டும். இதை எழுதி வைத்தால் போட்டோகிராபர் பிழைப்பு நடக்கும், வாசலில் வாக்குவாதமும் குறையும்.