படகுத்துறைக் கருடன்

பினாங்கின் ஜார்ஜ்டவுனில் பிணந்தின்னிக் கழுகைத் தேடி அண்ணாந்து பார்த்துப் பயனில்லை. இந்தியாவிலேயே அதை, மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் ஊசி ஏறக்குறைய ஒழித்துவிட்டது. கால்நடைக்கு அம்மருந்தை 2006இல்தான் தடை செய்தார்கள். பினாங்குக் கரையில் செத்த மீனைப் பொறுக்கும் வேலை கருடனுடையது. வெள்ளைத் தலை, வெள்ளை மார்பு, மற்றதில் பெரும்பகுதி செங்காவி.

வெல்ட் கீ படகுத்துறையில், பட்டர்வொர்த் ஃபெரி வரும் பக்கம் நின்று பாருங்கள். வெயில் ஏறியதும் சூடான காற்று மேலெழும். கருடன் அதில் ஏறி வட்டமிடும், சிறகை அடிப்பதே அரிது. திரும்புவதற்கு வாலைச் சற்றே முறுக்கினால் போதும், சைக்கிள் ஹேண்டில்பாரைத் திருப்புவதுபோல. எனக்கு மிகப் பிடித்தது அதன் சாப்பாட்டு முறை: தண்ணீர்ப் பரப்பிலிருந்து இரையைக் காலால் அள்ளி, பறந்தபடியே அலகுக்குக் கொண்டுபோய்க் கொத்தித் தின்னும். இறங்கி உட்கார்ந்தால் காக்கைகள் விடமாட்டா!

இறக்கைகளை 'வி' வடிவில் தூக்கிப் பிடித்து மிதக்கும் பெரிய பறவை தெரிந்தால் அது வெண்வயிற்றுக் கடற்கழுகு. கம்பீரம்தான். ஆனால் வளைந்து நெளிவதில் கருடன் ஒரு படி மேல் என்பேன். கும்பாபிஷேகத்தில் கோபுரத்துக்கு மேலே பார்த்தபடி நம்மவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு காத்திருப்பதும் இந்தக் கருடனுக்காகத்தான்.